முப்பத்து நான்காம் பக்கம்

எங்கள் கடைக் கதவைத் திறக்க ஒரு பக்குவம் வேண்டும். கைப்பிடியைப் பிடித்து அரை அங்குலம் மேலே தூக்கி, அப்புறம் தள்ள வேண்டும். வெறுமனே தள்ளினால் வராது. புதிதாக வருகிறவர்கள் இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, இன்று விடுமுறை போலிருக்கிறது என்று திரும்பப் பார்ப்பார்கள். நான் கல்லாவிலிருந்து "தூக்குங்க, தூக்குங்க" என்று கையைக் காட்டுவேன். தச்சரைக் கூப்பிட்டால் அரை மணி நேர வேலைதான். முதலாளியம்மா கடைசிவரை விடவில்லை. "கதவைத் திறக்கத் தெரிஞ்சவங்க நம்ம ஆளுங்க தம்பி. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பார்.

நாற்பதாம் ஆண்டு மலருக்காக வாசகர் வட்டத்திலிருந்து நீங்கள் நான்கு பேர் வந்தீர்கள். எத்தனையோ புத்தகக் கடைகள் மூடிப்போன காலத்தில் இந்த ஒரு கடைக்கு மட்டும் ஏன் இன்னும் ஜனங்கள் வருகிறார்கள் என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். தந்துவிட்டேன். அதில் கதவு வருகிறது, ஏணி வருகிறது, அகராதிகள் மேல் தூங்கும் பூனை வருகிறது. பொய் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அதில் பதிலும் இல்லை. பதில் இந்தத் தாள்களில் இருக்கிறது. விழா முடிந்தபின் படித்துக்கொள்ளுங்கள்.

முதலாளியம்மாவுக்குப் பெயர்கள் மனதில் நிற்காது. முகம் நிற்கும், அந்த ஆள் கடைசியாக வாங்கிய புத்தகம் நிற்கும், ஆசையாகப் புரட்டிவிட்டு வாங்காமல் வைத்துவிட்டுப் போன புத்தகம்கூட நிற்கும். பெயர் மட்டும் நிற்காது. அதனால் யாருக்காவது புத்தகம் எடுத்து வைத்தால், உள்ளே செருகும் சீட்டில் அவராகவே ஒரு பட்டம் எழுதிவிடுவார். பல் டாக்டர். மூன்றாவது மாடி. கோபக்கார வக்கீல். கதையின் முடிவைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்ற அம்மாளுக்குக் கடைசிப் பக்கம். வக்கீல் தன் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு ஆட்டம் ஆடினார். அதனால் பட்டம் நிலைத்துவிட்டது. எனக்கு வந்த பெயர் அலமாரி. எதைக் கொடுத்தாலும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறானாம், வாயைத் திறப்பதில்லையாம். பாராட்டாகத்தான் சொன்னார்.

சீட்டுக்கு ஒரே ஒரு சட்டம். சீட்டு செருகிய புத்தகத்தை வேறு யாருக்கும் விற்கக் கூடாது, எத்தனை வருடமானாலும். சீட்டை உருவிவிட்டால் அந்தப் புத்தகம் யாருடையதும் இல்லை. முப்பது வருடமாக நான் இந்தச் சட்டத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினேன். ஒரே ஒரு முறைதான் மீறினேன். அதற்கு வருகிறேன்.

கணக்கு டீச்சரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். விழாவில் மலரை வெளியிடப்போவதே அவர்தான். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளியில் முப்பத்தைந்து வருடம் கணக்கு நடத்தியவர். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். இன்றைக்கும் அவர் உள்ளே வந்தால் வக்கீல் சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே மகன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்கு எட்டு வயது. பள்ளி விட்டதும் அம்மா விடைத்தாள் திருத்தி முடிக்கும்வரை எங்கள் ஏணிக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். கலங்கரை விளக்கங்களைப் பற்றி ஒரு படப் புத்தகம் இருந்தது. அதை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டதே இல்லை. தினமும் எடுப்பான், பார்ப்பான், அதே இடத்தில் வைப்பான். அதன் ஓரங்கள் அவன் கைபட்டே அழுக்காயின. வளர்ந்ததும் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று அம்மா வாங்கிக் கொடுத்த வேலையை விட்டான். இருபத்து நான்கு வயது. டீச்சர் கோபத்தில், "இனிமே இந்த வீட்டு வாசப்படியை மிதிக்காதே" என்றிருக்கிறார். அவன் மிதிக்கவில்லை. அம்மாவின் பிடிவாதம் மகனிடம் மிச்சமில்லாமல் இறங்கியிருந்தது.

ஒரு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை, டீச்சர் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து என்னிடம் கொடுத்து எடுத்து வைக்கச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வராதேன்னுதான் சொன்னேன் தம்பி. கடைக்கு வராதேன்னு சொல்லலையே. அவன் வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறவன். வந்தா இங்கதான் வருவான்."

சீட்டில் அவர் கையாலேயே 'மகன்' என்று எழுதினார். உள்ளே மடித்த கடிதம் ஒன்றை வைத்தார். அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு புத்தகம், ஒரு கடிதம். மற்றச் சனிக்கிழமைகளில் சும்மா வருவார். வந்ததும் ஒரே கேள்வி. "யாராவது வந்தாங்களா தம்பி?" அவன் வந்தானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. யாராவது என்றுதான் கேட்பார். நான் இல்லை டீச்சர் என்பேன். தலையாட்டிவிட்டு உட்காருவார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. புத்தகத்தை என்னிடம் தருவதற்கு முன் கல்லாவிலிருக்கும் பென்சிலை வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டுவார். அச்சு விட்டுப்போன பக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கணக்கு டீச்சர் ஆயிற்றே. இதை வைத்து நானும் முதலாளியம்மாவும் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறோம்.

ஆறு வருடத்துக்கு முன் கட்டிடக்காரர் கடையைக் காலி செய்யச் சொன்னார். செருப்புக் கடை வைக்க ஒருவர் கேட்டிருந்தார். முதலாளியம்மாவுக்கு அப்போதே நெஞ்சு வலி. ஏணியின் மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டு, "கடை போச்சுன்னா நான் காலையில எழுந்து எங்க தம்பி போவேன்" என்றார். எனக்கும் வேறு போக்கிடம் இல்லை. என் மனைவி உறவுக்காரர்களிடம், "கடைதான் இவருக்கு மூத்த சம்சாரம், நான் ரெண்டாவதா வந்தவ" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்தாலும் அது உண்மைதான்.

அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகை நிருபர் வந்தார். பழைய கடைகளைப் பற்றி எழுதுகிறாராம். அவருக்குக் கதவில் சுவாரசியமில்லை, பூனையிலும் இல்லை. கிளம்பப் போனார். நான்தான் அவரைப் பின்னறைக்கு அழைத்துப்போய் டீச்சரின் புத்தகங்கள் இருந்த அலமாரியைக் காட்டினேன். அப்போது அதில் எண்பத்து நான்கு புத்தகங்கள். எண்பத்து நான்கிலும் ஒரே சீட்டு. நிருபர் பைக்குள் வைத்த நோட்டைத் திரும்ப எடுத்தார். டீச்சரிடம் நான் முன்கூட்டிக் கேட்கவில்லை. பெயர் வராது, படம் வராது என்று பிறகு சொல்லிச் சமாளித்தேன்.

கட்டுரை வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் கடை வாசலில் இருபது பேர் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். கை காட்டிக் காட்டி என் தோள்பட்டை வலித்தது. அவர்கள் அலமாரியைப் பார்த்தார்கள். சிலர் அழுதார்கள். அழுதவர்கள் சும்மா போகவில்லை. பேசாமல் இருக்கும் தம்பிக்கு, பிரிந்துபோன மனைவிக்கு, ஊரைவிட்டுப் போன சிநேகிதிக்கு என்று ஆளுக்கொரு புத்தகம் வாங்கிச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வாரத்தில் பின்னறைச் சுவர் முழுக்கச் சீட்டு. கட்டிடக்காரரின் மனைவியும் கட்டுரையைப் படித்திருக்கிறார். அவர் வீட்டில் என்ன சொன்னாரோ, கட்டிடக்காரர் வந்து, பத்து வருடத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடலாம் என்றார்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் புத்தகத்துக்காக வரவில்லை. தங்களுக்காகவும் யாராவது ஒரு மூலையில் இப்படி ஒரு புத்தகத்தை எடுத்து வைத்திருப்பார்கள் என்று நம்ப வருகிறார்கள். டீச்சரின் அலமாரி நிறைந்திருக்கும்வரை அந்த நம்பிக்கை இருக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். முதலாளியம்மா வீட்டுக்குப் போயிருந்தார். பின்னறைக்கு வண்ணம் அடிப்பதற்காக அலமாரிகளைத் துணி போட்டு மூடியிருந்தேன். தாடி வைத்த ஒருவர் தெருவில் வந்து நின்றார். கைப்பிடியைப் பிடித்து, அரை அங்குலம் தூக்கி, தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். என் கை சைகை காட்டப் பாதி எழுந்து அப்படியே நின்றது. முகத்தைப் பார்த்து நான் அடையாளம் காணவில்லை. கதவைத் திறந்ததில் கண்டுகொண்டேன்.

அவர் ஏணியைப் பார்த்தார். சிரித்தார். பிறகு கல்லாவுக்கு வந்தார்.

"எங்க வீட்டை இடிச்சு வேற கட்டியிருக்காங்க அண்ணா. தெருவுல யாரையும் தெரியலை. அம்மா இன்னும் இங்க வர்றாங்களா?"

டீச்சர் அந்த வீட்டை விற்றுவிட்டு எங்கள் கடைக்குப் பின்தெருவில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். நடந்தால் ஐந்து நிமிடம்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த சீட்டுக் கட்டைத் தட்டி அடுக்கினேன். வெள்ளிக்கிழமையை நினைத்தேன். மகன் வந்துவிட்டான் என்றால் அலமாரி இன்றே காலியாகிவிடும், கட்டிடக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறிப்போயிருந்தது. என் மௌனத்துக்கு அவராகவே ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டார். நான் அதை மறுக்கவில்லை. இந்த ஆறு வருடமும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தது இப்படித்தான்.

வெள்ளிக்கிழமைவரைதான் என்றும் சொல்லிக்கொண்டேன். கையெழுத்து விழட்டும், சனிக்கிழமை டீச்சர் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். கையெழுத்து விழுந்தது. சனிக்கிழமை டீச்சர் வந்தார். யாராவது வந்தாங்களா என்று கேட்டார். உங்கள் மகன் வந்தார், நீங்கள் செத்துப்போய்விட்டதாக நினைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார் என்று எப்படிச் சொல்வது? வாய்வரை வந்ததை மென்று முழுங்கினேன். அப்போது என்னைத் தடுத்தது கடை இல்லை, வெட்கம். அந்த வாரம் சொல்ல வெட்கப்பட்டேன். அடுத்த வாரம், போன வாரமே சொல்லாததற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன். வாரத்துக்கு வாரம் அது ஏறிக்கொண்டுதான் போனது, ஒரு வாரமும் குறையவில்லை.

கடிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் பின்னறைச் சுவரில் ஈரம் இறங்கியது. புத்தகங்களை வெளியே எடுத்துக் காயவைத்தபோது கடிதங்களும் நனைந்திருந்தன. காயவைக்கத்தான் பிரித்தேன். பிரித்த கண் படித்துவிட்டது. பிறகு நனையாதவற்றையும் படித்தேன். அவற்றில் பெரிதாக ஒன்றுமில்லை. முழங்கால் வலி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பெருக்கல் வரவில்லை, நீ இருந்தால் இந்தக் குழாயை ஒரு நிமிடத்தில் சரிசெய்வாய், இப்படித்தான். ஒவ்வொன்றின் முடிவிலும் புது வீட்டு முகவரி. வாசப்படி இல்லாத வீடு இது, தரையோடு தரையாக இருக்கிறது, அதனால் வரலாம் என்று ஒன்றில் எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

மூன்று வருடத்துக்கு முன் முதலாளியம்மா போய்ச் சேர்ந்தார். கடையை என் பேருக்கு எழுதி வைத்திருந்தார். நடந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் புதன்கிழமையே மகனின் கையைப் பிடித்துத் தரதரவென்று பின்தெருவுக்கு இழுத்துப் போயிருப்பார், செருப்புக் கடை வந்தால் வரட்டும் என்று. அதனால்தான் அவரிடமும் நான் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடிதம் வந்தது. கடல் தாண்டி, ஒரு துறைமுக ஊரிலிருந்து. "அண்ணா, நான் உங்கள் ஏணிக்குக் கீழே உட்கார்ந்து படித்தவன். இங்கே எல்லாப் புத்தகமும் கிடைக்கிறது. ஆனாலும் உங்கள் கடையிலிருந்தே வாங்க வேண்டும் போலிருக்கிறது. உங்கள் பார்சலைப் பிரித்தால் வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். எனக்கு இப்போது வேறு வீடு இல்லை" என்று எழுதியிருந்தார். கூடவே நான்கு புத்தகங்களின் பெயர். கீழே முகவரி.

ஆமாம், முகவரி என்னிடம் இருந்தது. இதை நான் முதலிலேயே எழுதியிருக்கலாம். இரண்டு வருடத்தில் ஏழு பார்சல் அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் அந்த முகவரியை என் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதினேன். புதன்கிழமைகளில்தான் அனுப்புவேன். சனிக்கிழமை என்றால் பார்சல் கல்லாமேல் இருக்கும்போது டீச்சர் பார்த்துவிடலாம். ஒரு தடவை தபால்காரர் வரத் தாமதமாகிச் சனிக்கிழமைவரை பார்சல் இருந்துவிட்டது. டீச்சர் தன் கைப்பையை அதன்மேல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தார். நான் அன்று யாருக்கும் சரியாகச் சில்லறை கொடுக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் டீச்சரின் மகன் அந்தக் கலங்கரை விளக்கப் புத்தகத்தைக் கேட்டார். பழைய பிரதியாக இருந்தாலும் பரவாயில்லையாம். அது அச்சில் இல்லாமல் போய் வெகு காலம். எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பிரதி, ஓரம் அழுக்கான அதே பிரதி. நான்கு வருடத்துக்கு முன் டீச்சர் அதை வாங்கி 'மகன்' சீட்டு செருகி வைத்திருந்தார். மகன் எதைக் கேட்பான் என்று அம்மாவுக்குத் தெரியாதா.

அன்று எனக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. அப்படித்தான் நினைத்தேன். யாருக்காக எடுத்து வைத்ததோ அவர் கைக்கே இது போய்ச் சேரட்டும். இத்தனை வருடத்தில் ஒன்றாவது போய்ச் சேரட்டும். கடிதத்தை எடுத்தேன். சீட்டை உருவினேன். அலமாரியில் இடைவெளி தெரியாமல் பக்கத்துப் புத்தகங்களைச் சாய்த்து வைத்தேன். பார்சலைக் கட்டும்போது மனசு லேசாக இருந்தது. கடனைத் தீர்த்துவிட்டவன் மாதிரி அன்று மனைவியை வெளியே சாப்பிட அழைத்துப் போனேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

பதில் வந்து மூன்று வாரமாகிறது. முழுவதையும் இங்கே எழுதவில்லை, முக்கியமானதை எழுதுகிறேன்.

"அண்ணா, சின்ன வயதில் என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா ஒரு புத்தகம் தருவார். எனக்கு எத்தனை வயதோ அந்தப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் ஒரு வரி எழுதியிருப்பார். எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நீங்கள் அனுப்பிய புத்தகத்தில் பழைய நினைப்பில் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தேன். முப்பத்து நான்காம் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து இருக்கிறது. 'இதை அன்றைக்கே வாங்கித் தந்திருக்க வேண்டும்' என்று எழுதித் தேதி போட்டிருக்கிறார். நீங்கள் சொன்ன வருடத்துக்கு மூன்று வருடம் கழித்து வருகிற தேதி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கப்பல் ஐந்தாம் தேதி கிளம்புகிறது. போனால் திரும்பப் பல மாதமாகும். அதற்குள் இந்த எண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அம்மா இருக்கிறாரா? பதில் வராவிட்டால் யாரோ விளையாட்டாக எழுதியது என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறேன். உங்கள்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் இருந்திருந்தால் நீங்கள் சொல்லாமல் இருப்பீர்களா?"

டீச்சர் பக்கம் எண்ணிக்கொண்டிருந்தார் என்று இத்தனை வருடம் சிரித்திருக்கிறேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பின்னறைக்குப் போய் ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பார்த்தேன். முதல் வருடப் புத்தகங்களில் இருபத்தைந்தாம் பக்கம். அப்புறம் இருபத்தாறு. அப்புறம் இருபத்தேழு. நூற்று ஐம்பதுக்கு மேல் புத்தகங்கள், எல்லாவற்றிலும் ஒரு வரி. அலமாரி என்று பெயர் வாங்கியவன் நான். என் அலமாரியில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

அவர் கடிதத்தில் 'நீங்கள் சொன்ன வருடம்' என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மௌனமாக இருந்தவன் வருடம் சொல்லியிருக்க முடியாது. எனவே அந்தப் புதன்கிழமையைத் திரும்ப எழுதுகிறேன். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

அவர் கேட்டார். நான் சீட்டுக் கட்டை அடுக்கவில்லை. அவர் கேட்டு முடிக்கும் முன்பே, "அம்மா போன வருஷம் தவறிட்டாங்க தம்பி. கஷ்டப்படலை. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றேன். நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அவர் கல்லாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "என்னைப் பத்திக் கடைசியா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், துணிக்கு உள்ளே எண்பத்து நான்கு புத்தகங்கள் இருந்தன. கேட்டார், தேடினார், காத்திருந்தார் என்று எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி அங்கே போய் முடியும். அதனால், "இல்ல தம்பி, ஒண்ணும் சொல்லலை" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். அம்மா மாதிரியே ஆட்டினார். போகும்போது கதவைத் தூக்கி, சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு அவமானமாக இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை. செய்தவன் நான். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு அம்மாவை மகனுக்குச் சாகடித்தேன். மகனுக்காக அந்த அம்மா எழுதியதையெல்லாம் நான் உட்கார்ந்து படித்தேன். இரண்டையும் இந்தக் கடைக்குள்ளேயே செய்தேன். நீங்கள் எல்லோரும் நேசிக்கிற கடை அதனால்தான் நிற்கிறது.

இன்று மூன்றாம் தேதி. மாதத்தின் முதல் சனிக்கிழமை. இதுவரை எழுதி முடித்தபோது மணி பத்தரை. தாள்களை மடித்து, மகனின் கடிதத்தையும் சேர்த்து ஒரு உறையில் போட்டுக் கல்லாமேல் வைத்தேன். உங்களுக்குத் தருவதற்கு முன் டீச்சர் கையில் கொடுத்துவிட வேண்டும், கொடுத்துவிட்டு மகனின் தொலைபேசி எண்ணைச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துதான் வைத்தேன்.

பதினொரு மணிக்கு அவர் வந்தார். எழுபத்து நான்கு வயதில் இப்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கினால்தான் கதவு திறக்கிறது. நான் ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். மூச்சு வாங்கி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாராவது வந்தாங்களா தம்பி?"

உறை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"இல்ல டீச்சர்."

அவர் தலையாட்டினார். விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அவர் மேடை ஏற வேண்டும். இந்த வயதில் ஒரு அதிர்ச்சியைத் தாங்குவாரா என்றும் பார்க்க வேண்டும் அல்லவா. கப்பல் என்றால் போகும், பிறகு வரும். உறையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன். விழா முடிந்ததும் முதல் வேலை இதுதான். இதில் மாற்றமில்லை.

டீச்சர் எழுந்து அலமாரிகளுக்கு இடையே நடந்தார். இந்த மாதப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். கல்லாவுக்கு வந்து பென்சில் கேட்டார். முனை மழுங்கியிருந்தது. நன்றாகச் சீவிக் கொடுத்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். முப்பத்தெட்டாம் பக்கத்துக்கு வந்திருப்பார் என்று தோன்றியதும் நானும் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அம்மாவும் மகனும் பேசிக்கொள்ளும்போது மூன்றாவது மனிதன் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை.